துணி தின்னும் ஷெட்

அண்ணன் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். அதை அம்மாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அம்மா சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கு அந்தக் கோடியில, மூணாவது மாடிம்மா. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம்," என்றேன்.

"யாருக்கு வீடு?"

"அண்ணனுக்கும் அண்ணிக்கும்தான்."

"ஏன், இந்த வீட்டுக்கு என்ன வந்துச்சு?"

"பெட்ரோல் வாடை வந்துச்சு."

அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தட்டையும் முகர்ந்து பார்த்தாள். "எங்க அடிக்குது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

எங்கள் வீட்டின் சிக்கலே அதுதான். அம்மாவுக்குத் தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை; அண்ணி சொல்வதை நம்பினான், அவ்வளவுதான். அண்ணி ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அண்ணன் அண்ணியின் அறைக்கும் எங்கள் கார் ஷெட்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அண்ணி கர்ப்பமாக இருந்தபோது அந்தக் கதவைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். அண்ணன் பார்சல் ஒட்டும் பழுப்பு நாடாவை வாங்கிவந்து கதவின் நான்கு ஓரத்தையும் ஒட்டி மூடினான். அப்படியும் வாடை வந்தது. பிரசவத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனவள் குழந்தை குப்புற விழுந்த பிறகும் திரும்பவில்லை. குழந்தையை அந்த வாடையில் படுக்க வைக்காதீர்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அண்ணன் அங்கேயும் இங்கேயுமாக அலைந்துகொண்டிருந்தான்.

அம்மாவுக்குப் பேத்தி இல்லாத குறை. எனக்கோ அண்ணி இல்லாத குறை. நான் மாலை வகுப்பில் சேர விண்ணப்பம் வாங்கிவந்தது அவள்தான். நான் ஜெராக்ஸ் கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் "இன்னைக்கு யாரு யாரைத் திட்டினாங்க, சொல்லு" என்று ஆசையாகக் கேட்க அவளைத் தவிர ஆள் கிடையாது. அவள் போன பிறகு அந்தக் கதைகளை டைரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டைரி சிரிக்காது.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடு. வாடையை நான் போக்கிக் காட்டுறேன்," என்று அண்ணனிடம் சொன்னேன்.

"நீயா, இன்ஸ்பெக்டர்?" என்று அண்ணன் சிரித்தான். சின்ன வயதில் காணாமல் போன ரப்பருக்கெல்லாம் விசாரணை வைத்ததால் எனக்கு அந்தப் பெயர். "முதல்ல உன் மூக்குக்கு வேலை செய்யத் தெரியுமான்னு பாரு."

அவன் சொன்னது எனக்கு உறைத்தது. எனக்கே என் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். அளவெல்லாம் நுணுக்கமாகப் போட்டு, கோடெல்லாம் நேராக இழுத்து, கதவே இல்லாத ஒரு வீட்டை வரைந்து கொடுத்தவள் நான். "இதுக்குள்ள இருக்கிறவங்க எப்படி வெளியே வருவாங்க?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று முதல் எதை முடித்தாலும் எதையோ விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் கூடவே வரும்.

இருந்தாலும் வேறு வழி தெரியாததால் முதலில் ஷெட்டை வரைந்தேன்.

ஷெட் என்று பெயரே தவிர உள்ளே கார் இல்லை. அப்பா ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கைமாறிக் கைமாறி வந்த ஒரு சின்னக் காரை வாங்கினார். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே அதை விற்றுவிட்டார். வாங்க வந்தவர் பின்சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தொட்டிலை நீங்களே வச்சுக்கங்க, நான் புதுசு போட்டுக்குறேன்," என்றார். அப்பா அதைச் சுவரோரம் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டின் நடுக்கூடம் மாதிரி.

நானும் அண்ணனும் அந்தச் சீட்டில்தான் வளர்ந்தோம். நடுவே ஓடும் தையல்தான் எல்லைக்கோடு. "என் நாட்டுக்குள்ள கால் வைக்காதே" என்று அண்ணன் ஸ்கேலோடு காவல் காப்பான். என் நாட்டில் ஒரு கிழிசல் இருந்தது. மிட்டாய்த் தாள், பென்சில் சீவல், பிடிக்காத பரீட்சைத் தாள் எல்லாம் அதற்குள் போகும். கரண்ட் போனால் எல்லோரும் அங்கே வந்துவிடுவோம். ஷெட்டின் பெரிய கதவைத் திறந்து வைத்தால் தெருக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அப்பா வேன் கதை சொல்வார். ரொட்டி மூட்டைக்குள் பூனை குட்டி போட்ட கதையை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி கூடியது. அண்ணி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அவளை நேராக ஷெட்டுக்குத்தான் கூட்டிவந்தான். "உக்காரு, எங்க சிம்மாசனம்" என்று சீட்டைக் காட்டினான். "பரவால்ல, நிக்கிறேன்" என்று அவள் ஷெட் வாசலிலேயே நின்றாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

வரைபடத்தில் ஷெட்டுக்குள் இருந்த எல்லாவற்றையும் வட்டம் போட்டுக் குறித்தேன். அப்பாவின் ஸ்கூட்டர். அதன் பக்கத்தில் பெட்ரோல் கேன். சாமான் அலமாரி. தரையில் கார் நின்ற இடத்தில் கறுப்புத் திட்டு. பெயின்ட் அடித்து அடித்து ஒட்டிக்கொண்டுவிட்ட ஜன்னல். நான் சீட்டில் உட்கார்ந்துதான் வரைந்தேன். அங்கே ஒரு புள்ளி வைத்து "நான்" என்று எழுதினேன்.

முதல் சண்டை கேனுக்காக. அதைக் கொல்லைப்புறத்தில், வெயில் படாத மூலையில், ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றேன்.

"ஏன், பெட்ரோலுக்குத் தனிக்குடித்தனம் கேக்குதா?" என்றார் அப்பா.

"மகன் தனிக்குடித்தனம் போறதுக்குப் பதிலா அது போகட்டும்," என்றாள் அம்மா. கேன் போனது.

ஸ்கூட்டரின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அதில் மிளகு அளவுக்கு ஒரு கறை. பெட்ரோல் குழாயின் வாஷர் போயிருந்தது. அப்பாவே மாற்றினார். அந்த ஸ்கூட்டர் ஓடும் நாளைவிடக் கழற்றிக் கிடக்கும் நாள்தான் அதிகம். ஞாயிறு வந்தால் அப்பா அதைப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொரு துண்டையும் பெட்ரோல் தொட்டுத் துடைப்பார். வேலை பாதியில் இருக்கும்போது உள்ளே பார்த்துக் கத்துவார்: "இந்தா, ஒரு பழைய துணி கொடு! போன வாரம் துடைச்ச துணியைக் காணோம். இந்த ஷெட்டுல துணி தின்னுற பேய் ஒண்ணு இருக்கு!" அம்மா வாய் திறக்காமல் இன்னொரு துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். நினைவு தெரிந்த நாளாகக் கேட்ட வசனம். பேய் என்றால் எனக்கு ரொம்ப நாள் பயம்கூட இருந்தது. அதற்குச் சட்டைகள்தான் பிடிக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

அடுத்தது தரை. சோப்புத்தூள் போட்டு நானும் அம்மாவும் தேய்த்தோம். காய்ந்ததும் கறுப்புத் திட்டின்மேல் சமையல் சோடாவைக் கொட்டிப் பரப்பி, மறுநாள் கூட்டி அள்ளினோம். ஒட்டிக்கிடந்த ஜன்னலை அண்ணன் நெம்பித் திறந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறான். அவனிடம் எல்லாக் கருவியும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக் கிடக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். அதைச் சொன்னதும் வெளிச்சுவரில் தரையை ஒட்டி இரண்டு செங்கலை எடுத்துவிட்டுக் கம்பிவலை பொருத்தினான். "படுத்துக் கிடக்கிறவரு இனிமே இந்த வழியா எழுந்து போகட்டும்" என்றான்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் சீட்டில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. முன்பும் தெரியவில்லையே, அப்புறம் எதை வைத்துப் போய்விட்டது என்பது? வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

"சோப்பு வாசனை வருது," என்றாள் அம்மா.

"எனக்கு ஒண்ணும் வரல. ஆனா எனக்கு எப்பவுமே வந்ததில்ல," என்றார் அப்பா.

"அவர் மேலேயே அடிச்சா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"உன் புருஷன் வாடைன்னு உனக்கும்தான் தெரியல, இத்தனை வருஷமா."

மூவரும் சீட்டில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் முகர்ந்தோம். இப்போது நினைத்தால் அந்தக் காட்சியை யாராவது படம் எடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வெளியாள் மூக்கு ஒன்று தேவைப்பட்டது. வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்காருகிறவள் ஒருத்தி. முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போட்டிருப்பாள். எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி'தான். கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாள். சேர்ந்த புதிதில் அவள் என்னிடம், "நீ பெட்ரோல் பங்க்லயா வேலை பாக்குற?" என்று கேட்டிருந்தாள். ஜெராக்ஸ் மை வாசனையாக இருக்கும் என்று சொல்லி, நானும் அதையே நம்பியிருந்தேன். இப்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மோப்ப நாய் வேலைக்குக் கூப்பிடுற. சாப்பிட என்ன தருவ?" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். அம்மாவுக்கு வந்தவர்களை நிற்க வைத்தால் ஆகாது. "உக்காரும்மா, உக்காரு" என்று சீட்டில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். கண்ணாடி நிதானமாகச் சாப்பிட்டாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"டீ நல்லா இருக்கு ஆன்ட்டி."

"டீயை விடும்மா. வாடை?"

"அடிக்குதே. நல்லாவே அடிக்குது."

அவளை எழுப்பி அலமாரிப் பக்கம் கூட்டிப்போனேன். "இங்கயும் அடிக்குது." ஸ்கூட்டர் பக்கம். "இங்கயும்." ஜன்னலுக்குக் கீழே. "இங்க கொஞ்சம் கம்மி. இல்ல, இல்ல, அடிக்குது." கடைசியில் வாசலுக்கு வெளியே தெருவில் நின்று பார்த்தாள். "இங்கயும்கூட லேசா வருதுப்பா. உங்க தெருவே அப்படித்தான் போல."

அவள் போன பிறகு அம்மா தம்ளர்களைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். அப்புறம், "மூணாவது மாடின்னா குழந்தையைத் தூக்கிட்டு ஏறணும் இறங்கணும்," என்றாள். நான் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லா வட்டத்தையும் மறுபடி பார்த்தேன். எல்லாவற்றுக்கும் குறி போட்டாயிற்று. எதையோ விட்டுவிட்டேன், எதை என்றுதான் தெரியவில்லை. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் கண்ணாடி என் காதருகே வந்தாள். "ஏய், உங்க வீட்டுக்குப் போட்டுட்டு வந்த பேன்ட்டைத் துவைக்கப் போட்டேன். எங்கம்மா எடுத்து மோந்து பாத்துட்டு, எங்கடி போய் உக்காந்துட்டு வந்தேன்னு கேக்குறாங்க. முன்னாடி ஒண்ணுமே இல்ல. பின்பக்கம் மட்டும் பெட்ரோல் நாத்தம்."

"பின்பக்கம் மட்டுமா?"

"உக்காருற இடத்துல. சரியா அந்த அளவுக்கு." கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். முன்வரிசையில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்கு இல்ல, திரும்புங்க," என்றாள்.

நான் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன். தேவையே இருக்கவில்லை, கை தானாக எடுத்தது. ஷெட்டுக்குள் இருந்த எல்லாப் பொருளுக்கும் வட்டம் உண்டு. சீட்டுக்கு மட்டும் இல்லை. சீட் ஒரு பொருள் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதானே பொருள்களைத் தேடினேன். தினமும் வேலை முடிந்து வந்து, அதில் உட்கார்ந்து டைரி எழுதிவிட்டு, அங்கிருந்து எழுந்துதான் வகுப்புக்கு வருவேன்.

வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனேன். அண்ணன் அன்று இங்கே சாப்பிட வந்திருந்தான்.

"சீட்டுதான். வாடை அதுலேர்ந்துதான் வருது."

"சீட்டா?" என்றார் அப்பா. "கார் போயே எத்தனை வருஷமாச்சு! பெட்ரோல் என்ன, ஊறுகாயா? அத்தனை நாள் ஊறிக்கிட்டே இருக்க?"

அண்ணனும் அதையே சொன்னான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தது.

அம்மா மட்டும், "அதுக்குள்ள நல்ல துணிதானே இருக்கு," என்றாள்.

"எதுக்குள்ள?"

"சீட்டுக்குள்ள. குழி விழுந்துச்சுன்னா நான்தான் துணி வச்சு ரொப்புவேன். நல்லா காய்ஞ்ச துணி. கொஞ்சம் கறை இருக்கும், அவ்வளவுதான்."

அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"என்ன துணி?"

"நீங்க துடைச்சுப் போடுறதுதான். மூலையில கிடக்கும். காய்ஞ்சு மொடமொடன்னு இருக்கும். தூக்கிப் போட மனசு வராது."

"அடிப்பாவி," என்றார் அப்பா. அவருக்குக் கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. "அந்தப் பேய் நீதானா?"

பொறி பறந்துவிடுமோ என்று ஷெட்டின் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் அண்ணன் டார்ச்சை எடுத்துவந்தான். எல்லாக் கதவையும் திறந்தோம். சீட்டை முன்னால் இழுத்துத் திருப்பியதும் பின்பக்கம் தெரிந்தது. நெடுகக் கீறி, ஊக்கு குத்தி மூடியிருந்த ஒரு வாய். அண்ணன் ஊக்குகளைக் கழற்றினான். என் மூக்கைச் சீட்டுக்குள்ளேயே விட்டுப் பார்த்தேன். அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு அந்த வாடை தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது. வாடையால்தான் வந்தது.

அன்று ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் சீட்டைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்த் திறந்தவெளியில் போட்டான். மறுநாள் காலை, வெளிச்சத்தில், நாலு பேரும் அதைச் சுற்றி நின்று துணிகளை உருவினோம்.

மேலே இருந்தது அப்பாவின் பனியன். அதற்குக் கீழே அம்மாவின் வீட்டுப் புடவைத் துண்டு, போன வருஷம் கிழிந்தது. அதற்கும் கீழே அண்ணன் கல்லூரிக்குப் போட்டுப்போன கட்டம் போட்ட சட்டை. "இதைக் காணோம்னு ஹாஸ்டல்ல ஒருத்தனை அடிச்சேன்," என்றான் அண்ணன். பிறகு என் பள்ளிப் பாவாடை. பழைய வாடகை வீட்டு ஜன்னலில் தொங்கிய மஞ்சள் பூப் போட்ட திரை. காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எண்ணி முடிப்பதற்குள் எப்போதும் தூங்கிவிடுவேன். மை கொட்டிய அரைக்கைச் சட்டை ஒன்று வந்தது. அண்ணன் அதைத் தோளில் வைத்துப் பார்த்தான். ஒரு தோளுக்கே பற்றவில்லை. வாத்து வடிவில் பாக்கெட் வைத்த என் சின்ன கவுன். அம்மாவே தைத்தது. வாத்துக்கு ஒரு கண் கறுப்பு நூல், இன்னொன்று நீல நூல். கறுப்பு தீர்ந்துபோயிருக்கும்.

கீழே போகப் போக நாங்கள் சின்னவர்களாகிக்கொண்டே போனோம்.

அப்பாவின் கைக்கு அவருடைய கம்பெனிச் சட்டை வந்தது. பாக்கெட்டில் ரொட்டிப் படம் பாதி அழிந்திருந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றார். "இதைப் போட்டுக்கிட்டுத்தான் காரை ஓட்டிட்டு வந்தேன், வாங்கின அன்னைக்கு. தெருமுனையிலேர்ந்தே ஹாரன் அடிச்சேன். நீ மாவு கையோட ஓடி வந்த."

அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

அடியில் தேங்காய் நாரும் சுருள்கம்பியும்தான். அதற்குள் என் மிட்டாய்த் தாள்கள், ஒரு சீப்பு, ஒரு அரைப் பென்சில், கணக்கில் நான் கோட்டைவிட்ட பரீட்சைத் தாள். எல்லாமே பெட்ரோல் நாற்றம்.

"குவிச்சுப் போடாதீங்க. தனித்தனியா கொடியில போடுங்க. அடுப்பு, தீப்பெட்டி எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது," என்றான் அண்ணன். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவனாக, "கரண்ட் போனப்பல்லாம் இது மேல உக்காந்துதான் மெழுகுவர்த்தி ஏத்தினோம்," என்றான். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு கொல்லையில் கிடந்த செங்கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான்தான்," என்றாள் அம்மா. "பேத்தி வரலையே வரலையேன்னு ஊரையெல்லாம் கேட்டுக்கிட்டு, நானே வரவிடாம பண்ணியிருக்கேன்."

"நீ எங்க தனியா பண்ணின?" என்றார் அப்பா. "பெட்ரோல் என்னுது, துணி உன்னுது. கூட்டு வியாபாரம். பங்கு எனக்கும் உண்டு, விட்டுக் கொடுக்க மாட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வரை கொடியில் எங்கள் வீட்டு வருஷங்கள் எல்லாம் காற்றில் ஆடின. பக்கத்து வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "விருந்தாளிங்க நிறைய வந்திருக்காங்க போல" என்றாள். "ஆமா, கிளம்பப் போறாங்க," என்றார் அப்பா.

வாத்துப் பாக்கெட்டை மட்டும் அம்மா தனியாக வெட்டி எடுத்திருந்தாள். பேத்தியின் கவுனில் வைத்துத் தைக்க ஆசை. சோப்பில் ஊறவைத்தாள், அலசினாள், மறுபடி ஊறவைத்தாள். காய்ந்ததும் என் மூக்கருகே நீட்டினாள். "பாரு, வருதா?"

நான் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"உன் மூக்கை நம்பி நான் என்ன பண்றது," என்றாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அவளே போய் மற்றத் துணிகளோடு போட்டாள். நீல நூல் எடுத்துப் புதிதாக ஒரு வாத்துத் தைக்கத் தொடங்கியது இரண்டு நாள் கழித்துத்தான்.

பெயின்ட், பெட்ரோல் கழிவுகளை நகராட்சி வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அண்ணன் துணிகளை மூடி போட்ட தகர டிரம்மில் அடைத்து, சீட்டையும் சேர்த்து ஒரு சின்ன லாரியில் ஏற்றினான். லாரி கிளம்பும் முன் நான் சீட்டின் நடுத் தையலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். அண்ணன் பார்த்துவிட்டான். "என் நாட்டுலேர்ந்து கையை எடு," என்றான்.

அப்பா ஸ்கூட்டரைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். துடைத்த துணி போட அங்கே ஒரு மூடி வைத்த டப்பா வைத்தார். "அம்மா தொடக் கூடாது" என்று அதன்மேல் சாக்பீஸால் எழுதினார். ஷெட்டின் கதவையும் ஜன்னலையும் பகலெல்லாம் திறந்து வைத்தோம். தினமும் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாதக் கடைசிக்கு முந்தைய ஞாயிறு அண்ணி வந்தாள். "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றுதான் சொல்லியிருந்தாள். குழந்தையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, வாசலிலிருந்தே நேராக ஷெட்டுக்குள் நடந்தாள். நாங்கள் நாலு பேரும் பின்னால் போனோம். சீட் இருந்த இடத்தில் சுவரில் வெளுப்பாக ஒரு நீளக் கட்டம். அண்ணி அதன் பக்கத்தில் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். அலமாரிப் பக்கம் போனாள். அம்மா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள். அண்ணனின் கைப்பேசி அடித்தது. மூன்றாவது மாடி வீட்டுக்காரர். அண்ணன் எடுக்கவில்லை.

அண்ணி திரும்பி வந்து அப்பாவைத் தாண்டும்போது நின்றாள்.

"மாமா, உங்ககிட்டேர்ந்து மட்டும் லேசா வருது."

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இப்பதான்மா ஸ்கூட்டரைத் தொட்டேன். சோப்பு போட்டுத்தான் கழுவினேன்."

"அது இருக்கட்டும் மாமா," என்றாள் அண்ணி. "அது நீங்கன்னு தெரியும்."

பிறகு தன் அறைக்குள் போனாள். குழந்தை அண்ணன் தோளிலேயே தூங்கியிருந்தது. அண்ணி அதை வாங்கிக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்தாள். படுக்க வைத்ததைப் பார்த்ததும் அம்மா அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி ஷெட் பக்கக் கதவுக்குப் போய், பழுப்பு நாடாவின் நுனியை நகத்தால் கிளப்பி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக உரித்தாள். சத்தத்துக்குக் குழந்தை சிணுங்கியது, எழவில்லை. நான் மறுபக்கத்து நாடாவை உரித்தேன்.

"அத்தை ஏன் கீழ உக்காந்துட்டாங்க?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

"எங்க வீட்டுல இப்ப உக்கார வேற இடம் இல்ல அண்ணி."

அண்ணன் வெளியே போய் வீட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்வது கேட்டது. நிறையத் தடவை மன்னிப்புக் கேட்டான்.

நாடா போய்விட்டது. பசை போகவில்லை. கதவைச் சுற்றி அழுக்குப் பழுப்பில் ஒரு பட்டை நின்றது. அண்ணி விரலால் தேய்த்துப் பார்த்தாள், விரல் ஒட்டிக்கொண்டது. "இது எதுல போகும்?"

எங்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியும். துணியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டு ஒரு தேய்ப்பு, பசை இருந்த இடம் தெரியாது. அப்பா வாயைத் திறந்தார். அம்மா தரையிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"எண்ணெய்," என்றார் அப்பா. "சமையல் எண்ணெய்ல போகும்."

அம்மா எழுந்து எண்ணெய் எடுத்துவரப் போனாள். போகிறபோது துணி ஒன்று வேண்டுமே என்று அவள் கண் நாலு பக்கமும் தேடியது. கடைசியில் தன் முந்தானையையே எடுத்துக்கொண்டாள்.